லாம்பர்ட் மணியின் நாக்கு

வெண்டல்: ...ஆகவே, ஒரு மனுசன் சாகறதுக்குள்ள பாக்க வேண்டிய ஊரு உலகத்துல மூணே மூணு. ரோமாபுரி, ஏதென்ஸ், லாம்பர்ட். எதை முதல்ல பாக்கறதுங்கறது அவனவன் வசதி.

ரோண்டா: நான் டாய்லெட் எங்கன்னுதான் கேட்டேன் பெரியவரே.

வெண்டல்: அதுக்குத்தான் வர்றேன். டாய்லெட் இந்தக் கோர்ட்டுக் கட்டடத்துக்குள்ள இருக்கு. கோர்ட்டு இந்த ஊருக்குள்ள இருக்கு. ஊரைத் தெரிஞ்சுக்காம கோர்ட்டுக்குள்ள எப்படிப் போவீங்க?

ரோண்டா: கதவு வழியா.

வெண்டல்: பூட்டியிருக்கு. இன்னிக்கு வெளி ஆளுங்களை விடறதில்ல. எதிர்ல மருந்துக் கடையில கேளுங்க.

ரோண்டா: அதுவும் பூட்டியிருக்கு.

வெண்டல்: ஞாயித்துக்கிழமை திறக்க மாட்டான்.

ரோண்டா: இன்னிக்கு செவ்வாய்.

வெண்டல்: ...கொஞ்ச நாளா அவனுக்கு எல்லாம் ஞாயித்துக்கிழமைதான். சரிம்மா, நான் வர்றேன். கொஞ்சம் அவசரம்.

ரோண்டா: கால்ல என்ன? அந்தப் பக்கவாட்டுக் கதவுலேருந்து வர்றப்பவே பாத்தேன். இழுத்து இழுத்து நடந்தீங்க.

வெண்டல்: போர்க்காயம்.

ரோண்டா: எந்தப் போரு?

வெண்டல்: நடந்துக்கிட்டிருக்கு. வர்றேம்மா.

ரோண்டா: போங்க, போங்க. நான் இந்தச் சிலையைப் பாத்துக்கிட்டு நிக்கிறேன். இது யாரு, உள்நாட்டுப் போர்ல தெற்குப் பக்கம் நின்ன சிப்பாயா?

வெண்டல்: தெற்கா! வடக்குக்காகச் சண்டை போட்ட கன்சாஸ் மண்ணுல நின்னுக்கிட்டு இப்படிப் பேசலாமா? அவன் வடக்குப் படைம்மா. எங்க ஊரு ஆளுங்க நினைவா வச்சது.

ரோண்டா: தொப்பி தெற்கத்தித் தொப்பி மாதிரி இருக்கே. பெல்ட்டும்.

வெண்டல்: ...பெட்டி மாறிப் போச்சு. சிலை செஞ்ச கம்பெனிக்காரன் எங்க சிப்பாயை அலபாமாவுல ஏதோ ஒரு ஊருக்கு அனுப்பிட்டான். அவங்க சிப்பாய் இங்க வந்துட்டான். திருப்பி அனுப்பலாம்னு பேச்சு வந்துச்சு. அதுக்குள்ள இவனுக்கு மாலை எல்லாம் போட்டாச்சு.

ரோண்டா: அப்ப நிக்கிறது எதிரி.

வெண்டல்: மாறுவேஷத்துல இருக்கிற வடக்கத்தியான். உளவாளி. ஊர்ல இவ்வளவு வருஷமா அப்படித்தான் சொல்லிக் குடுத்திருக்கோம். ஒரு குழந்தைகூட குறுக்குக் கேள்வி கேட்டதில்ல.

ரோண்டா: நீங்க யாரு, கைடா?

வெண்டல்: கைடுன்னு சொல்லி அசிங்கப்படுத்தாதீங்க. வெண்டல் ஹாஸ்கின்ஸ். லாம்பர்ட் வரலாற்றுச் சங்கத் தலைவர். இந்தக் கோபுரக் கடிகாரத்துக்கு வாராவாரம் சாவி குடுக்கிறவன். எங்க அப்பா குடுத்தாரு, அவருக்கு முன்னால அவங்க அப்பா. உங்க பேரு?

ரோண்டா: ரோண்டா.

வெண்டல்: ரோண்டா... அப்புறம்?

ரோண்டா: ரோண்டா போதும். சங்கத்துல எத்தனை பேரு இருக்கீங்க?

வெண்டல்: செயலாளர் ஹாரியட் போன பனிக்காலத்துல தவறிட்டா. பொருளாளர் அரிசோனாவுல மகன் வீட்டோட போயிட்டான். மத்தபடி சங்கம் முழு பலத்தோட இருக்கு.

ரோண்டா: அதாவது நீங்க மட்டும்.

வெண்டல்: அதாவது தலைவர்.

ரோண்டா: உக்காருங்களேன். பெஞ்சு நிழல்லதானே இருக்கு.

வெண்டல்: வேணாம். உக்காந்தா எந்திரிக்க முடியாது. மூட்டுல வாதம்.

ரோண்டா: போர்க்காயம்னீங்க.

வெண்டல்: காயத்துல வாதம். நான் கிளம்பறேன். ம்ஹும், அந்தப் பக்கம் பாக்காதீங்க, அது பழைய ஜெயிலு. மியூசியமாக்கி வச்சிருக்கோம்... ஆனா அதுல இருக்கிறது மட்டும் உலகத்துல எங்கயும் கிடையாது.

ரோண்டா: அப்படி என்ன?

வெண்டல்: ஒரு தட்டு.

ரோண்டா: தட்டா?

வெண்டல்: அந்தக் காலத்துல பெரிய பேங்குக் கொள்ளைக்காரன் ஒருத்தன் குதிரையில வந்து இறங்குனான். பேங்குக்குள்ள போனான். சுத்திப் பாத்தான். வெளிய வந்து, எதிர்ல பன்னிக்கறியும் பீன்ஸும் வாங்கிச் சாப்பிட்டான். போயிட்டான்.

ரோண்டா: கொள்ளை?

வெண்டல்: அடிக்கல. எங்க பேங்கைப் பாத்து அவனுக்கே மனசு வரல. அவன் சாப்பிட்ட தட்டுதான் அது. கழுவல.

ரோண்டா: இதைப் பாக்க ஜனம் வருதா?

வெண்டல்: கோடையில வந்தாங்க. ரெண்டு பேரு. புருசன் பொண்டாட்டி. வழி தவறி.

ரோண்டா: ம்... ஆமா பெரியவரே, மேல கடிகாரத்தைப் பாருங்க. இந்தப் பக்கத்து முகத்துல ஒரு முள்ளுதான் இருக்கு.

வெண்டல்: எங்க?

ரோண்டா: மேலதான். சின்ன முள்ளு இருக்கு. பெரிய முள்ளைக் காணோம்.

வெண்டல்: அது... பழைய காலத்து டிசைன். மணி தெரிஞ்சாப் போதாதா? நிமிஷம் பாத்துப் பொழைக்கிற ஊரு இல்லம்மா இது.

ரோண்டா: மத்த மூணு முகத்துலயும் ரெண்டு முள்ளு இருக்கே.

வெண்டல்: அதுங்க மூணும் ஓடாது. ஓடாத கடிகாரத்துக்கு எத்தனை முள்ளு இருந்தா என்ன, ஆறு கூட வைக்கலாம். ஓடறது இந்த வடக்கு முகம் ஒண்ணுதான். எங்க வீட்டு ஜன்னலைப் பாத்த முகம்... ஓடிக்கிட்டிருந்துச்சு. விடுங்க. எனக்கு நேரமாச்சு.

ரோண்டா: எப்படித் தெரிஞ்சுது நேரமாச்சுன்னு?

வெண்டல்: வாய் ஜாஸ்திம்மா உங்களுக்கு.

ரோண்டா: சரி, இந்த ஒண்ணு சொல்லிட்டுப் போயிருங்க. அந்த லாரி யாருது? அந்தா, பக்கவாட்டுல, பெரிசா.

வெண்டல்: அதுவா? திருட்டுப் பசங்க லாரி. பக்கத்து ஊரு கிரோவர்க்காரனுங்க. மதியம் வந்து எங்க ரெக்கார்டு எல்லாத்தையும் அள்ளிப் போட்டுக்கிட்டுப் போகப் போறானுங்க. நிலப் பத்திரம், கல்யாணப் பதிவு, பிறப்பு, இறப்பு, ஜட்ஜு உக்கார்ற நாற்காலி. நாளையிலேருந்து கிரோவர்தான் மாவட்டத் தலைநகரம். லாம்பர்ட் ஒண்ணுமில்ல. ரோட்டுல வேகத்தைக் குறைக்கச் சொல்லி ஒரு பலகை வைப்பாங்க, அவ்வளவுதான்.

ரோண்டா: திருட்டுன்னா? ஓட்டுப் போட்டுத்தானே முடிவு பண்ணாங்க?

வெண்டல்: அதைத்தான் நானும் சொல்றேன்! ஓட்டுப் போட்டு, தீர்மானம் போட்டு, லாரி வாடகைக்கு எடுத்து, பட்டப்பகல்ல! எங்க ஆளுங்க எடுத்தப்ப ராத்திரியில எடுத்தாங்க. ஒரு கூச்சம் இருந்துச்சு.

ரோண்டா: உங்க ஆளுங்க எடுத்தாங்களா? எதை?

வெண்டல்: இதையேதான். உங்களுக்கு லாம்பர்ட் எப்படித் தலைநகரமாச்சுன்னு தெரியாதா? எந்த ஊரும்மா நீங்க?

ரோண்டா: கொஞ்சம் தள்ளி. சொல்லுங்களேன்.

வெண்டல்: எனக்கு நேரமில்ல... சுருக்கமாச் சொல்றேன். ஆயிரத்து எண்ணூத்தி எழுபத்தாறு. அப்பல்லாம் கிரோவர்தான் தலைநகரம். ஒரு பனிக்கால ராத்திரி கிரோவர்ல ஒரு கல்யாணம், ஊரே ஆடிக்கிட்டிருக்கு. எங்க ஆளுங்க வண்டி கட்டிக்கிட்டுப் போனாங்க. ரெக்கார்டுப் பெட்டியை எடுத்தாங்க. மேஜையை எடுத்தாங்க. இரும்பு அடுப்பை எடுத்தாங்க, உள்ள நெருப்பு எரிஞ்சுக்கிட்டிருக்கறப்பவே. பெஞ்சை எடுத்தாங்க. பெஞ்சு மேல ஜட்ஜு குடிச்சிட்டுத் தூங்கிக்கிட்டிருந்தாரு.

ரோண்டா: அவரை இறக்கி வச்சிட்டாங்களா?

வெண்டல்: பனியில இறக்கி வைக்க அவங்க என்ன கொலைகாரங்களா? அப்படியே வண்டியில ஏத்துனாங்க. காலையில லாம்பர்ட்ல கண்ணு முழிச்சாரு. எதிர்ல அடுப்பு, பக்கத்துல பெட்டி, கீழ பெஞ்சு. 'கோர்ட்டு கூடிச்சு'ன்னாரு. முடிஞ்சுது. ஜட்ஜு உக்காந்த இடம் கோர்ட்டு. கோர்ட்டு இருக்கற ஊரு தலைநகரம். சட்டப்படி எல்லாம் சரி.

ரோண்டா: கிரோவர்க்காரங்க சும்மாவா இருந்தாங்க?

வெண்டல்: அங்கதான் வேடிக்கை. கோர்ட்டு மணியையும் கழட்டிக்கிட்டு வந்துட்டாங்க, மேல தொங்குதே அதான். மறுநாள் ஊர் கூடி, பாட்டுப் பாடி, கயித்தை இழுத்தா... சத்தமே இல்ல.

ரோண்டா: ஏன்?

வெண்டல்: நாக்கைக் காணோம். மணிக்குள்ள தொங்கும்ல, இரும்பு நாக்கு. கிரோவர்ல ஏசா டீக்னு ஒரு கொல்லன். அவன் மட்டும் கல்யாணத்துலேருந்து பாதியில வெளிய வந்திருக்கான். இவங்க ஏத்தறதைப் பாத்திருக்கான். கத்தலாம்ல? ஊரைக் கூட்டலாம்ல? கூடமாட ஒத்தாசை பண்ற மாதிரி வண்டியில ஏறி, நாக்கைக் கழட்டி, கால்சட்டைக்குள்ள விட்டுக்கிட்டு, நொண்டிக்கிட்டே வீட்டுக்குப் போயிட்டான்!

ரோண்டா: நல்ல ஆளு.

வெண்டல்: நல்ல ஆளா? ஊரே போகுது. கோர்ட்டு போகுது, ஜட்ஜு போறாரு, அடுப்பு போகுது. இவன் ஒரு துண்டு இரும்பை எடுத்துக் கால்ல சொருகிக்கிட்டுப் போறான். எதுக்கு? வால்நட் உடைக்கவா? தோத்தா தோத்தேன்னு கையைக் குடுத்துட்டு நிக்கணும். அது ஆம்பளை. ஒரு துண்டை ஒளிச்சு எடுத்துட்டுப் போறது கோழித் திருட்டு.

ரோண்டா: கிரோவர்ல இப்பவும் அதைக் கொண்டாடறாங்க இல்ல?

வெண்டல்: உங்களுக்குத் தெரியுமா? கேளுங்க அந்தக் கூத்தை. வருஷா வருஷம் அதே நாள்ல ஊரே நொண்டி நடக்கும். மாதா கோயில்லேருந்து மில்லு வரைக்கும். மேயர் நொண்டுவாரு, பாதிரியார் நொண்டுவாரு, தள்ளுவண்டியில இருக்கற குழந்தைக்குக் கூட ஒத்தைக் கால்ல கட்டையைக் கட்டி விட்டிருப்பாங்க. பேண்டு வாத்தியம் வேற. நான் ஒரு வருஷம் போய் ரோட்டோரம் நின்னு சிரிச்சேன் பாருங்க, வயிறு வலிச்சுப் போச்சு. நடந்து காட்டவா?

ரோண்டா: வேணாம். ஏற்கெனவே நல்லாத்தான் நடக்கறீங்க.

வெண்டல்: ...இது மாடிப்படியில விழுந்தது.

ரோண்டா: வாதம்னீங்க.

வெண்டல்: வாதத்தாலதான் விழுந்தேன்.

ரோண்டா: ம். லாம்பர்ட் ஓட்டுல ஜெயிச்சிருக்கலாமே பெரியவரே. எங்க விட்டீங்க?

வெண்டல்: எங்க விட்டோமா? உள்ளூர்லயே விட்டோம். ஜனம் கம்மிங்கறது ஒரு பக்கம். கிரோவர் பக்கத்துல ஹைவே போகுது, பெரிய கடை வந்திருக்கு, ஆஸ்பத்திரி வந்திருக்கு, எல்லாம் சரி. லாம்பர்ட்ல விழுந்த ஓட்டுலயே பாதிக்கு மேல கிரோவருக்கு விழுந்திருக்கு. எவன் போட்டான்னு தெரியாது. காலையில காபி குடிக்க உக்காந்தா ஒவ்வொருத்தன் மூஞ்சியாப் பாக்கறேன். நீயா? நீயா? போன ஜூலை நாலாந்தேதி சுதந்திர தினத்துக்குக் கொடி தூக்கிக்கிட்டு வந்தானே, நீயா?

ரோண்டா: அவங்களும் உங்க மூஞ்சியைப் பாப்பாங்களே.

வெண்டல்: பாக்கறாங்க. காபி ஆறிப் போகுது. இப்ப அங்க போறதையே விட்டுட்டேன். ...எம் மக கிரோவர்ல வீடு வாங்கியிருக்கா. 'அப்பா, ஒரு அறை காலியா இருக்கு, பக்கத்துலயே ஆஸ்பத்திரி, வந்துரு'ங்கறா. கிரோவர்ல போய் நல்லா இருக்கறதுக்கு இங்கயே நோவா இருந்துக்கறேன்னு சொல்லிட்டேன்.

ரோண்டா: அவ என்ன சொன்னா?

வெண்டல்: 'உன் இஷ்டம்'னா. அந்தச் சொல்லைச் சொல்லிட்டாங்கன்னா அப்புறம் கூப்பிட மாட்டாங்க. ...இந்த ரெக்கார்டு போறதுகூட எனக்கு அவ்வளவு இல்லம்மா. காகிதம். கடிகாரத்தைக் கழட்டறானுங்க பாருங்க. புதுக் கட்டடத்துல நுழைஞ்சதும் கூடத்துல மாட்டப் போறானுங்களாம். ஓட விட மாட்டாங்களாம். சும்மா அழகுக்கு. பேப்பர்ல போட்டிருந்தான். எங்க தாத்தா எண்ணெய் போட்ட கடிகாரம். அதுக்கு அடியில கிரோவர்க்காரன் நின்னு போன்ல மணி பாப்பான்.

ரோண்டா: அதனால?

வெண்டல்: அதனால என்ன? ஒண்ணுமில்ல. கிளம்பறேன். லாரிக்காரனுங்க வந்திருவானுங்க.

ரோண்டா: வந்தாச்சு.

வெண்டல்: எங்க? யாரையும் காணோமே.

ரோண்டா: பசங்க ஹைவேயில சாப்பிட்டுக்கிட்டிருக்காங்க. இங்க சாப்பாட்டுக் கடை ஒண்ணும் இல்லையாமே. நான் முன்னாடியே லாரியை எடுத்துட்டு வந்துட்டேன்.

வெண்டல்: ...நீயா?

ரோண்டா: நான்தான் மேஸ்திரி. ஏத்தி இறக்கற வரைக்கும் எம் பொறுப்பு. சாவியும் எங்கிட்டத்தான் இருக்கு, அதனால டாய்லெட்டுக்குக் கவலைப்படாதீங்க. போயிட்டு வந்துட்டேன்.

வெண்டல்: அப்ப எதுக்கு இவ்வளவு நேரம் என்னை... கிரோவரா நீ?

ரோண்டா: கொஞ்சம் தள்ளின்னேனே.

வெண்டல்: இவ்வளவும் கேட்டுக்கிட்டு நின்னியா?

ரோண்டா: நல்லாச் சொல்றீங்க பெரியவரே. அந்தத் தட்டுக் கதை எங்க ஊர்ல யாருக்கும் தெரியாது.

வெண்டல்: சரி. சரி... பிடிச்சிட்ட. இப்ப என்ன, இங்கயே கால்சட்டையை அவுக்கணுமா?

ரோண்டா: யாரு கேட்டா? கடிகாரத்தை நாங்க எடுக்கலியே.

வெண்டல்: என்ன?

ரோண்டா: எடுக்க வேண்டியதுன்னு குடுத்ததுல கடிகாரம் இல்ல. முதல்ல பேசுனாங்க. கூடத்துல மாட்டலாம்னு. அப்புறம் கூரை உயரம் பத்தலன்னு விட்டுட்டாங்க. அடுத்த வாரம் பழைய இரும்புக்காரன் வந்து பிரிச்சுக்குவான்.

வெண்டல்: ...பேப்பர்ல போட்டிருந்தானே.

ரோண்டா: வேணாம்னு முடிவு பண்ணதையெல்லாம் பேப்பர்ல போடுவாங்களா?

வெண்டல்: கிரோவருக்கே வேணாமா?

ரோண்டா: வேணாமாம்.

வெண்டல்: மணி?

ரோண்டா: அதுவும்தான். நாக்கு இல்லாத மணி. ...ஒரு வார்த்தை கேட்டிருந்தீங்கன்னா, ஏணி போட்டு முழு கடிகாரத்தையும் இறக்கி உங்க வீட்டு வாசல்ல வச்சிட்டுப் போயிருப்பாங்க. இந்த வயசுல கோபுரத்துல ஏறி, முள்ளைக் கழட்டி...

வெண்டல்: கேட்டு வாங்கினா அது பழைய இரும்பும்மா.

ரோண்டா: இப்ப?

வெண்டல்: இப்பவா... இப்பதான் யாருக்கும் வேணாம்னு நீ வந்து சொல்லிட்டியே. அஞ்சு நிமிஷம் முன்னாடி வரைக்கும் கால்ல என்ன கனம் கனத்துச்சு தெரியுமா? ...ஏம்மா, ஒரு ஒத்தாசை பண்ணு. கத்து.

ரோண்டா: என்னன்னு?

வெண்டல்: 'திருடன், லாம்பர்ட்காரன் திருடிட்டுப் போறான்'னு. ஒரே ஒரு தடவை. நல்லாச் சத்தமா.

ரோண்டா: கத்தலாம் பெரியவரே. சுத்திப் பாருங்க. கேக்கறதுக்கு யாரு இருக்கா? அந்த உளவாளியைத் தவிர.

வெண்டல்: சிரிப்பு வரல.

ரோண்டா: எனக்கும்தான். ...சரி, இப்படிப் பண்றேன். பசங்க வந்ததும், 'வர்றப்பவே முள்ளைக் காணோம், லாம்பர்ட்ல எவனோ நேத்து ராத்திரி அடிச்சிட்டான்'னு சொல்றேன்.

வெண்டல்: ராத்திரின்னா சொல்லுவ?

ரோண்டா: ராத்திரின்னே சொல்றேன்.

வெண்டல்: அவனுங்க ஊர்ல போய்ச் சொல்லுவானுங்களா?

ரோண்டா: கிரோவர்ல இதை விட்டா வேற என்ன பேசறதுக்கு இருக்கு? கிளம்புங்க. பசங்க மேற்குப் பக்கமா வருவாங்க. நீங்க மருந்துக் கடைச் சந்துல புகுந்து போயிருங்க.

வெண்டல்: ம்.

ரோண்டா: பெரியவரே... காலை மடக்கறீங்க. முட்டியில மடக்கினா முள்ளு வளைஞ்சிரும். இடுப்புலேருந்து வீசி வைங்க. ஆங். அந்தப் பக்கத்துக் கை ஆடக் கூடாது. தொடையோட ஒட்டி இருக்கணும். தலையைக் குனியாதீங்க, குனிஞ்சா எவனும் திருடன்னு கண்டுபிடிச்சிருவான்.

வெண்டல்: நீ என்ன, எனக்கு நொண்டக் கத்துத் தர்றியா?

ரோண்டா: நடக்கக் கத்துக்கிட்ட வருஷத்துலேருந்து ஊர்வலத்துல முதல் வரிசை நான். எங்க வீட்டு ஆளுங்கதான் முன்னாடி போகணும்னு வழக்கம்.

வெண்டல்: எங்க வீடுன்னா... உம் பேரு என்னன்னு சொன்ன?

ரோண்டா: ரோண்டா டீக்.

வெண்டல்: டீக்கா! அந்தக் கொல்லன் வீடா?

ரோண்டா: போங்க. அந்தா சத்தம் கேக்குது, பசங்க காரு.

வெண்டல்: போறேன், போறேன்... ஏம்மா! ஒண்ணே ஒண்ணு. அந்த நாக்கு... அது இப்பவும் உங்க வீட்டுலயா இருக்கு?

ரோண்டா: இருக்கு. அடுப்படியில.

வெண்டல்: அடுப்படியிலயா? அதை வச்சு அங்க என்ன பண்றீங்க?

ரோண்டா: வால்நட் உடைக்கிறோம். ...காலு, காலு! மறுபடி மடக்கறீங்க பாருங்க.